பீட்டிலில் ஆயில் டெம்பரேச்சர் மீட்டர்: முள் சொல்வது நிஜமா, பொய்யா?

பழைய ஏர்கூல்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் ரேடியேட்டரும் கிடையாது, தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் மீட்டரும் கிடையாது. ஃபேன் காற்றுக்கு அடுத்தபடியாக இன்ஜின் சூட்டில் நல்ல பங்கைச் சுமந்து வெளியே தள்ளுவது சம்பில், அதாவது இன்ஜினின் அடித்தொட்டியில், இருக்கும் 2.5 லிட்டர் ஆயில்தான். அந்த ஆயில் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று ஓட்டுபவருக்குச் சொல்ல கம்பெனி ஒன்றும் வைக்கவில்லை. ஆயில் பிரஷர் விளக்கு ஒன்று உண்டு; ஓடும்போது அது எரிந்தால் பாதி சேதம் ஆகிவிட்டது என்றே பொருள். அதனால் தனியாக ஒரு மீட்டர் வாங்கி மாட்டுவது நல்ல யோசனை.

மாட்டுவது அரை நாள் வேலை. அதற்குப் பிறகு முள்ளை நம்புவதா வேண்டாமா என்பதுதான் தலைவலி. கீழே உள்ளது 12 வோல்ட் வண்டியில், 50 முதல் 150 டிகிரி வரை அளவு போட்ட விடிஓ (ஜெர்மன் மீட்டர் கம்பெனி) வகை மின் மீட்டரும், ஒற்றை ஒயர் சென்சாரும் மாட்டியவர்களுக்கானது. 6 வோல்ட் வண்டி என்றால் 6 வோல்ட் மீட்டரே வேண்டும். 12 வோல்ட் மீட்டரை அதில் மாட்டிவிட்டுப் பிழை தேடுவது வீண் வேலை.

இணைப்பு எப்படி இருக்க வேண்டும்

மீட்டரின் பின்னால் மூன்று முனைகள். பிளஸ் முனைக்குச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயர். ஜெர்மன் வண்டிகளின் ஒயர் எண்ணில் 15. இடையில் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. மைனஸ் முனையிலிருந்து பாடியில் எர்த், எண் 31. ஜி என்று குறித்த முனையிலிருந்து, பின்னால் இன்ஜினில் இருக்கும் சென்சாருக்கு ஒரு ஒயர். உள்ளே இருக்கும் சின்ன பல்புக்கு ஸ்பீடோமீட்டர் பல்பின் ஒயரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

சென்சார் தன் எர்த்தை இன்ஜின் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இன்ஜின் கியர்பாக்ஸோடு இணைந்திருக்கிறது. கியர்பாக்ஸ் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருப்பதால், அதன் முன்மூக்கிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டைதான் இந்த எர்த்தின் ஒரே நம்பகமான வழி. இதை நினைவில் வையுங்கள். பாதிக் கோளாறு இங்கேதான் முடியும்.

எதையும் கழற்றும் முன்

பின்னால் சென்சார் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சாவியைப் போடுங்கள். முள் குளிர்ந்த பக்கக் கடைசியில் கிடக்க வேண்டும். அதே ஒயரின் நுனியை இன்ஜின் உடம்பில் ஒன்றிரண்டு நொடி தொடுங்கள். முள் சூட்டுப் பக்கக் கடைசிக்கு ஓட வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டர் உயிரோடு இருக்கிறது, ஒயரும் அறுபடவில்லை.

ஆனால் இது உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை மட்டும். அளவு சரியா என்று சொல்லாது. அதற்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் 1 வாட் ரெசிஸ்டர் மூன்று வாங்கிக்கொள்ளுங்கள்: 220, 62, 36 ஓம். 150 டிகிரி விடிஓ சென்சார் 60 டிகிரியில் சுமார் 220 ஓம் காட்டும், 100 டிகிரியில் சுமார் 62, 120-இல் சுமார் 36. ஒயர் நுனிக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவே இந்த ரெசிஸ்டரை ஒவ்வொன்றாகப் பிடித்தால் முள் 60, 100, 120 என்று நிற்க வேண்டும். மூன்று டிகிரி இப்படி அப்படி இருந்தால் கவலை வேண்டாம். இந்தச் சோதனையில் மீட்டர், ஒயர், இன்ஜின் எர்த் மூன்றும் ஒரே மூச்சில் தேறிவிடும். மிச்சம் சந்தேகத்துக்குரியது சென்சாரும் அது உட்கார்ந்திருக்கும் இடமும் மட்டுமே.

முள் அசையவே இல்லை

மீட்டர் பல்பு எரிகிறதா என்று பார்த்து ஏமாறாதீர்கள். பல்புக்கு வேறு ஒயர். பிளஸ் முனைக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்து, சாவி போட்ட நிலையில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். ஒரு முனையைப் பாடியில் வைத்துப் பார்ப்பது போதாது, மீட்டரின் மைனஸ் முனையிலேயே வையுங்கள். மின்சாரம் இருந்தும் முள் அசையவில்லை என்றால் ஜி முனையிலேயே ஒரு துண்டு ஒயரால் எர்த் கொடுத்துப் பாருங்கள். இங்கே முள் ஓடி, பின்னால் எர்த் கொடுக்கும்போது ஓடவில்லை என்றால் நடுவே ஒயர் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் ஃபயர்வால் (இன்ஜின் அறையைப் பிரிக்கும் தகரச் சுவர்) துளையில் ரப்பர் குரோமெட் போடாத இடத்தில், அல்லது ஒயர் நுனியில் அமுக்கிப் பிடித்த (கிரிம்ப் செய்த) உலோக லக்கின் கழுத்தில்.

சாவி போட்டதும் முள் கடைசிவரை ஓடுகிறது

ஜி ஒயர் எங்கோ பாடியில் படுகிறது. சென்சார் பக்கம் பிடுங்கிப் பாருங்கள். முள் இறங்கினால் சென்சார் உள்ளே ஷார்ட், இறங்காவிட்டால் ஒயர். ஹீட்டர் குழாய் ஓரமாக ஒயரை ஓட்டியவர்களுக்கு உறை உருகி இப்படி ஆகும். சம்புக்கு அடியில் இருக்கும் சென்சார் என்றால், ஆயில் மாற்றும்போது ஒயரைக் கழற்றாமல் சென்சாரைத் திருகி, ஒயர் முறுக்கிக்கொண்டதா என்றும் பாருங்கள். ஒயரை முதலில் கழற்று, பிறகு ஸ்பேனரை வை. வரிசை அதுதான்.

எப்போதும் 15, 20 டிகிரி கூடவோ குறையவோ காட்டுகிறது

இதுதான் அதிகம் பேரை அலைக்கழிப்பது. விடிஓவில் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் சென்சார் இரண்டு ரகம்: ஒன்று 120 டிகிரி மீட்டருக்கு, மற்றது 150 டிகிரி மீட்டருக்கு. மரை ஒன்றாகவே இருக்கலாம், ஆறுமுகத் தலை ஒன்றாகவே இருக்கலாம், ஓம் கணக்கு வேறு. 100 டிகிரியில் 150 ரகம் சுமார் 62 ஓம். 120 ரகம் சுமார் 38 ஓம். ஆக, 150 மீட்டரில் 120 சென்சாரை மாட்டினால் ஆயில் 100 டிகிரியில் இருக்கும்போது முள் கிட்டத்தட்ட 118-இல் நிற்கும். நல்ல இன்ஜினைச் சந்தேகப்பட வைப்பது இந்த ஜோடிதான். தலைகீழாக மாட்டினால் இன்னும் மோசம்: 120 மீட்டரில் 150 சென்சார் 100 டிகிரி ஆயிலை 84 போலக் காட்டும், ஓட்டுபவர் நிம்மதியாக மிதிப்பார்.

எந்த ரகம் என்று கண்டுபிடிக்க எண்ணைத் தேட வேண்டாம். கொதிக்கும் தண்ணீர் போதும். சமையலுக்கு வேண்டாத பாத்திரம் ஒன்றை அடுப்பில் வைத்து, தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். சென்சாரின் ஆறுமுகத் தலையைச் சுற்றி ஒரு உறையில்லாத செம்புக் கம்பியைக் கட்டித் தொங்கவிடுங்கள். பித்தளை முனை முழுகட்டும், ஒயர் மாட்டும் முனை நனையக் கூடாது, பாத்திரத்தின் அடியிலும் படக் கூடாது. மல்டிமீட்டரின் ஒரு கம்பி செம்பில், மற்றது முனையில். எண் இறங்கிக்கொண்டே வந்து ஒரு நிமிடத்தில் நிற்கும். 62-ஐ ஒட்டி நின்றால் 150 ரகம், 38-ஐ ஒட்டி நின்றால் 120 ரகம். இரண்டும் இல்லாமல் வேறெங்கோ நின்றால் அது வேறு கம்பெனி மீட்டருக்குச் செய்தது, அல்லது கெட்டது. மலைமேல் இருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பீட்டில் 2003 ஜூலை வரை தயாரான மெக்ஸிகோவின் பியூப்லா நகரிலோ, ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும் ஊட்டியிலோ தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே 150 ரகம் 76 ஓம் பக்கம் காட்டினால் அது கெட்டதல்ல.

சென்சார் ரகம் சரியாக இருந்தும் எப்போதும் குறைவாகவே காட்டுகிறது என்றால், எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் டி-துண்டு போட்டு, அதன் ஒரு கிளையில் டெம்பரேச்சர் சென்சாரையும் மாட்டுகிறவர்கள் உண்டு. பிரஷரை அளக்க அது நல்ல இடம். சூட்டை அளக்க மோசமான இடம். அந்தக் கிளை ஒரு முட்டுச்சந்து. ஆயில் அங்கே அழுத்தத்தோடு நிற்குமே தவிர ஓடாது. நிற்கிற ஆயில் ஆறிக்கொண்டிருக்கும், மீட்டரும் அதையே காட்டும். சென்சாரைச் சம்புக்கு மாற்றுங்கள். பிரஷர் சுவிட்ச் துளையின் மரை எம்10, கூம்பு வடிவம். மெக்னீசியக் கலவை உடம்பில் இருக்கிறது. டி-துண்டைக் கழற்றி மறுபடி சுவிட்சைப் போடும்போது கைபலத்தைக் காட்டினால் உடம்பு விரியும்.

லைட் போட்டதும் முள் தாவுகிறது

ஆயிலின் சூடு ஒரு நொடியில் மாறாது. முள் மாறினால் அது எர்த்.

இரண்டு இடம் உண்டு. முதலாவது மீட்டரின் சொந்த எர்த். பல்பும் மீட்டரும் ஒரே மைனஸில் இருக்கும். அந்த இணைப்பு பெயிண்டின் மேல் உட்கார்ந்திருந்தால் பல்பின் மின்சாரம் மீட்டரின் பூஜ்யத்தையே நகர்த்திவிடும். மீட்டர் பல்பை மட்டும் கழற்றிவிட்டு லைட்டைப் போட்டுப் பாருங்கள். தாவல் நின்றால் இதுதான். பெயிண்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்குங்கள்.

இரண்டாவது, மேலே சொன்ன கியர்பாக்ஸ் பட்டை. இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டுக்கு மின்சாரம் கொடுப்பது இன்ஜின் மேல் உட்கார்ந்திருக்கும் டைனமோ. அது விளக்கு வழியாகப் பாடிக்கு வந்து, பாடியிலிருந்து அந்தப் பட்டை வழியாகத்தான் இன்ஜினுக்குத் திரும்ப வேண்டும். பட்டையில் துரு இருந்தால் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு சின்ன வோல்ட் வித்தியாசம் நிற்கும். சென்சார் இன்ஜின் பக்கம், மீட்டர் பாடிப் பக்கம். விளைவாக முள் சூட்டை நோக்கி நகரும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்சாரம் எதிர்த் திசையில் போவதால், முள் குளிர்ந்த பக்கம் விழும். லைட்டுக்கு மேலே, ஸ்டார்ட்டுக்குக் கீழே என்று ஆடினால் பட்டையைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம்.

உறுதிப்படுத்த: லைட்டைப் போட்டு, இன்ஜினை ஐடிலிலிருந்து சற்று உயர்த்தி, மல்டிமீட்டரின் ஒரு கம்பியை இன்ஜின் உடம்பில், மற்றதை மீட்டரின் மைனஸில் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் பட்டையைக் கழற்றி இரண்டு முனையையும் எமரி தாளால் பளிச்சென்று தேய்க்க வேண்டும். பின்னல் பச்சை பிடித்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, புதிதாகப் போடுங்கள். கிளட்ச் கேபிள் காரணமில்லாமல் இறுகும் வண்டிகளில் இந்தப் பட்டையையும் ஒருமுறை பாருங்கள். எர்த் கிடைக்காத ஸ்டார்ட்டர் மின்சாரம் கேபிள் வழியாகப் போய் அதைச் சுட்டுவிடும்.

சூடேறும்வரை சரியாகக் காட்டுகிறது, பிறகு ஏற மறுக்கிறது

இதைக் கண்டுகொள்பவர்கள் குறைவு. அதுதான் ஆபத்து.

சென்சாரின் ஓம் சூட்டுக்கு நேர் விகிதத்தில் இறங்குவதில்லை. 60 டிகிரி பக்கம் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 6, 7 ஓம் மாறும். 120 பக்கம் வந்தால் ஒரு டிகிரிக்கு 1 ஓம் கூட இல்லை. இப்போது எங்கோ ஒரு லூஸ் லக்கில் 10 ஓம் கூடுதலாக நிற்கிறது என்று வையுங்கள். ஆயில் 60-இல் இருக்கும்போது மீட்டர் 59 காட்டும், யாருக்கும் தெரியாது. ஆயில் 120-ஐத் தொட்டிருக்கும்போது மீட்டர் 110, 111 என்று பொய் சொல்லும். கராஜில் நின்று பார்க்கையில் சரியாகவும், மேட்டில் ஏறும்போது தவறாகவும் காட்டும் மீட்டர் இப்படித்தான் உருவாகிறது. அதனால்தான் ரெசிஸ்டர் சோதனையில் 220 ஓம் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. 36-ஐக் கட்டாயம் வைத்துப் பாருங்கள்.

ஒயரின் பருமனைச் சந்தேகிக்க வேண்டாம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 4 மீட்டருக்கு 0.07 ஓம்தான். குற்றவாளி இணைப்புகள்தான்: கிரிம்ப் சரியாக அமுங்காத லக், முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், சென்சார் மரையில் கை தாராளமாகச் சுற்றிய டெஃப்லான் டேப். டிரெயின் பிளக் (ஆயிலை வடிக்கக் கழற்றும் அடைப்பு) இடத்தில் போகும் எம்14×1.5 சென்சாருக்கு டேப்பே வேண்டாம். செம்பு வாஷர் கசிவைத் தடுக்கும், மரை எர்த் கொடுக்கும்.

டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) வடிவ சென்சார் வைத்திருப்பவர்களுக்கு எர்த் தொல்லை இன்னும் அதிகம். குழாயில் பட்டு நிற்பதால் மட்டுமே அதற்கு எர்த். குழாய்க்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து அழகு பார்த்திருந்தால் முள் 50-ஐ விட்டு எழாது. குழாயின் உள் விளிம்பைச் சுரண்டுங்கள். நீளத்தையும் கம்பெனி டிப்ஸ்டிக்கோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முனை ஆயிலைத் தொடாமல் தொங்கினால் அது அளப்பது கிராங்கேஸ் காற்றின் சூட்டை. வளைவில் ஆயில் வந்து மோதும்போது மட்டும் முள் துள்ளும்.

முள் துடிக்கிறது

சீரான இடைவெளியில் துடித்தால், பிளஸ் மின்சாரத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். மின் பெட்ரோல் மீட்டர் உள்ள பீட்டில்களில் அதற்கென்று ஒரு வைப்ரேட்டர் உண்டு. மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்து சராசரி வோல்ட்டைக் குறைக்கும். கைக்கு எட்டுகிறதே என்று அதன் வெளிப்பக்கத்திலிருந்து எடுத்தால் துடிப்பும் வரும், அளவும் தப்பும். ஃபியூஸ் பெட்டியின் 15 பக்கத்துக்கு மாற்றுங்கள். ஒழுங்கில்லாமல், பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் துடித்தால் லூஸ் கான்டாக்ட். சாவியை எடுத்த பிறகும் முள் விழாமல் நின்றால் எண் 30-இல், அதாவது எப்போதும் மின்சாரம் உள்ள ஒயரில் இணைத்துவிட்டீர்கள். பேட்டரி இறங்கும் முன் மாற்றிவிடுங்கள்.

சென்சார் போட்ட இடத்தில் ஆயில் கசிகிறது

சம்பின் அடியில் ஆறு எம்6 ஸ்டட்களில் நிற்கும் வட்டத் தட்டு, அதன் நடுவே டிரெயின் பிளக்; சில பிந்தைய தட்டுகளில் அந்தத் துளையே இருக்காது. கசிவு நடுவிலா, சுற்றிலுமா என்று துடைத்துவிட்டுப் பாருங்கள். நடுவில் என்றால் செம்பு வாஷரை மாற்றுங்கள். கையில் புதிது இல்லையென்றால் பழையதை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி இளகும். சுற்றிலும் என்றால் தட்டுக்கு மேலே இருக்கும் ஆயில் வடிகட்டி வலையின் இரு பக்கமும் உள்ள காகித கேஸ்கட்டும், கேப் நட்டுகளுக்கு அடியில் உள்ள சின்னச் செம்பு வாஷர்களும் புதிதாக வேண்டும். அந்த நட்டுகளுக்கு 7 நியூட்டன் மீட்டர் மட்டுமே. கசிகிறதே என்று இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் ஸ்டட் மரையோடு கையில் வந்துவிடும். தட்டு வளைந்திருந்தால் சமமான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். இறுக்கி இறுக்கித் துளை ஓரங்கள் குழிந்திருக்கும்.

சென்சாரை இந்த நடுத்துளையில் போடும் முன் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று: பம்ப்பின் உறிஞ்சு குழாய் வாய் அந்தத் துளைக்கு நேர் மேலேதான் இருக்கிறது. சென்சார் முனை நீளமாக இருந்தால் அந்த வாயை அடைக்கும். முனையின் மேல் கொஞ்சம் களிமண்ணோ பிளாஸ்டிசினோ வைத்து, தட்டைப் பொருத்திப் பார்த்துக் கழற்றுங்கள். களிமண் நசுங்கியிருந்தால் குட்டையான சென்சார் வாங்குங்கள், அல்லது ஓரத்தில் துளை வைத்த மாற்றுத் தட்டுக்குப் போங்கள். பார்த்தபின் களிமண்ணை ஒரு பொடி விடாமல் துடைத்துவிட வேண்டும்.

எல்லாம் சரி, முள் நிஜமாகவே மேலே இருக்கிறது

சமவெளியில் சீரான வேகத்தில் 80 முதல் 100, வெயிலில் நெடுஞ்சாலையிலோ நீண்ட மேட்டிலோ 110 வரை என்றால் இன்ஜின் தன் வேலையைச் செய்கிறது. 120-ஐத் தாண்டினால் காலை எடுத்துவிட்டு, ஓர் ஓரமாக நிறுத்தி, பின் மூடியைத் திறந்து பார்க்கும் நேரம்.

ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்துங்கள். 15 மில்லிமீட்டர் அமுங்கலாம், அதற்கு மேல் என்றால் ஃபேன் வழுக்கிச் சுற்றுகிறது. இன்ஜின் அறையின் ஓர ரப்பரும் தகரத் தட்டுகளும் முழுதாக இருக்கின்றனவா? சுமைபோலத் தெரியும் அந்தத் தகரங்களை வீசிவிட்டால் கீழே போன சூடான காற்றையே ஃபேன் மறுபடி இழுத்துக்கொள்ளும். அடுத்து ஆயில் கூலர்: 1971 மாடலுக்கு முன் அது ஃபேன் உறைக்கு உள்ளேயே 3-ஆம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆயில் பிசுக்கும் தூசியும் சேர்ந்து அதன் இடுக்குகளில் கம்பளி போலப் படிந்திருந்தால் உறையைக் கழற்றாமல் தெரியவே தெரியாது. ஆயில் பிரஷர் ரிலீஃப் பிளஞ்சர் (அழுத்தம் கூடினால் வழிவிடும் உருளை) திறந்த நிலையில் சிக்கிக்கொண்டாலும் ஆயில் கூலருக்குப் போகாமல் குறுக்கு வழியில் போய்விடும். பிளக்கைக் கழற்றினால் பிளஞ்சர் தானாக வழுக்கி வர வேண்டும், நோண்டி எடுக்க வேண்டியிருந்தால் அதுதான் காரணம். டைமிங் தப்பியிருப்பதும், கார்புரேட்டர் பெட்ரோல் குறைத்துக் கொடுப்பதும் சூட்டை ஏற்றும். ஆனால் காற்று வழி சுத்தமான பிறகே அங்கே கைவையுங்கள்.

சூட்டைப் பார்த்துவிட்டுப் பிரஷரை மறக்க வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் பிரஷருக்குக் கொடுத்த அளவே எஸ்ஏஇ 30 ஆயிலில், 70 டிகிரி சூட்டில், நிமிடத்துக்கு 2500 சுற்றில் என்றுதான் இருக்கிறது. டெம்பரேச்சர் மீட்டர் சரியாக இருந்தால்தான் பிரஷர் மீட்டர் சொல்வதற்கும் பொருள்.

எவ்வளவு ஓட்டினாலும் 65-ஐத் தாண்டவில்லை

ரெசிஸ்டரும் கொதிநீரும் தேறிய பிறகும் இப்படி என்றால் ஆயில் நிஜமாகவே குளிர்ந்திருக்கிறது. நல்லதுதானே என்று விட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டில் கிராங்கேஸில் சேரும் நீராவி வெளியேறாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் போல ஒட்டியிருக்கும். கீழே வலப்பக்கச் சிலிண்டர்களுக்கு அடியில் இருக்கும் தெர்மோஸ்டாட்டின் (சூட்டில் நீண்டு, குளிரில் சுருங்கும் மடிப்புக் குப்பி) மேல் 65 முதல் 70 டிகிரி என்று பொறித்திருக்கும். குளிர்ந்த நிலையில் அந்த மடிப்புக் குப்பி சுருங்கி, ஃபேன் உறைக்குள் இருக்கும் காற்றுத் தடுப்புகளை மூடி வைத்திருக்க வேண்டும். குப்பியில் ஓட்டை விழுந்தால் அது நீண்டபடியே நின்று, தடுப்புகள் திறந்தே கிடக்கும். பல வண்டிகளில் முன்பு ஓவர்ஹால் செய்தவர் அதையும் தடுப்புகளையும் கழற்றி எறிந்திருப்பார். கழற்றிப் பாத்திரத்தில் சுடவைத்துப் பாருங்கள்: நீண்டு, ஆறியதும் சுருங்கினால் நல்லது; ஆறிய பிறகும் நீண்டே இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.